கண்ணாடி மாமா

சாப்பாட்டு மேசை மேல் கிடந்த கண்ணாடியைக் கண்ணாடிக்காரரே அளவெடுத்து வெட்டியிருந்தார். ஓரங்களைக் கை கிழிக்காதபடி தேய்த்து, நான்கு மூலைகளையும் மழுக்கி, போர்வையில் சுற்றித் தோளில் தூக்கி வந்து போட்டார். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் அவர் கொண்டுவந்த முதல் பொருள் அது. ஒரு மாதமாக அதற்கடியில் தீம் பார்க்கின் வரைபடம் கிடந்தது.

கண்ணாடி மேல் எழுதுவதற்கென்று பட்டறையில் மெழுகுப் பென்சில்கள் வைத்திருப்பார்கள். அதில் மூன்று நிறம் எடுத்துவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். குழந்தை குருவிக்குச் சிவப்பு, அவள் அம்மாவுக்குப் பச்சை, தனக்கு வெள்ளை. முதலில் எங்கே போவது, அப்புறம் எங்கே என்று தினமும் சாப்பிட்டு முடித்ததும் கோடு போடுவார்கள். பிடிக்காவிட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். சிவப்புக் கோடு எல்லா ராட்டினத்தையும் சுற்றிக்கொண்டு ஓடும். பச்சைக் கோடு நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகும். வெள்ளைக் கோடு சிவப்பை ஒட்டியே போகும்.

"நீங்க எங்க போகணும்னு தனியா ஒண்ணு போடுங்களேன்" என்பாள் மனைவி.

"எனக்கென்ன, பாப்பா போற எடம் தான்."

குருவி தலையை நிமிர்த்தாமல் தன் கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டுவாள்.

மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பா லாரியில் அடிபட்டு இறந்துபோய்ச் சில வருடம் ஆகிறது. அம்மா ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். கண்ணாடி வழுக்கி உள்ளங்கை பிளந்து ரத்தம் சொட்டச்சொட்ட அங்கே போனபோதுதான் கண்ணாடிக்காரர் இரண்டு பேரையும் முதலில் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குழந்தை, "வலிக்குதா?" என்று கேட்டது. "இல்ல" என்றார். "பொய்" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தது. அவருக்கு இருவரையும் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆயிற்று. குருவி அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மாவின் அண்ணன் ஒருவர் பஸ் ஓட்டுகிறார். அவரும் மாமா. குழப்பம் வரக் கூடாதென்று அவர் பஸ் மாமா, இவர் கண்ணாடி மாமா.

மாமாவும் நல்ல வார்த்தைதான். ஆனால் காய்கறிக் கடைக்காரரும் அவளுக்கு மாமா, பால் போடுகிறவரும் மாமா. ஒரே ஒரு தடவை, தெரியாமல் வாய் தவறியாவது, அப்பா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று அவருக்குள் ஓர் ஏக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்குத் தீம் பார்க் போகலாம் என்று அவர் பேச்செடுத்ததே அதற்காகத்தான். நாள் முழுக்க மூவரும் சேர்ந்து நனைந்து, கத்தி, சுற்றி வந்தால், எங்கேயாவது ஓர் இடத்தில் அது தானாக விழுந்துவிடும் என்று நம்பினார்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றாள் மனைவி. "அவளுக்கா தோணும்போது கூப்பிடுவா."

"நான் கேக்கவே இல்லையே."

"வாய் கேக்கல. மூஞ்சி கேக்குது."

புறப்படுவதற்கு முந்தின நாள் பஸ் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஹலோ, யாருங்க அது? என் தங்கச்சி வீட்டுல ஆம்பளக் குரல் கேக்குது?"

"தண்ணித் தொட்டி கழுவ வந்தவன் மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"கழுவினமா, போனமான்னு இருக்கணும். சாமான எல்லாம் எண்ணித்தான் வச்சிருக்கோம்."

"எண்ணினதுல ஒரு ஸ்பூன் கொறையும் மச்சான். மன்னிச்சுக்கங்க."

குருவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தக் கூத்து ஒரு வருடமாக நடக்கிறது. போன் எடுத்தால் மச்சான் நீ யார் என்பார், ஆளையே தெரியாது என்பார், போலீசைக் கூப்பிடுவேன் என்பார். கண்ணாடிக்காரருக்கு அது பிடிக்கும். தான் பேசுவதைக் கேட்டுக் குழந்தை சிரிப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

போனை வைத்ததும் மனைவி குருவியிடம் கேட்டாள். "அங்க கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டா எங்க நிக்கணும்?"

"நீலத் திமிங்கலம்." வரைபடத்தின் நடுவே வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த திமிங்கலத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டாள்.

"யார் கூப்பிட்டாலும்?"

"போகக் கூடாது."

*

காலை நன்றாகத்தான் போயிற்று. படகு ஒன்று சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். "யாரு மொதல்ல கத்தினது?" என்று அம்மா கேட்டாள். "மாமா தான்" என்று குருவி காட்டிக்கொடுத்தாள். உயரக் கோபுரத்தில் நாற்காலி மேலே ஏறி ஒரு கணம் நின்றபோது அவர் சட்டைக் கையைக் குழந்தை பிடித்துக்கொண்டது. கீழே வந்ததும் விட்டுவிட்டது. கசங்கியிருந்த அந்த இடத்தை அவர் நீவிவிடவில்லை.

போட்டோ எல்லாம் மனைவியின் போனில்தான் எடுத்தார்கள். அவர் தன் போனைத் தூக்கி "பாப்பா, இங்க பாரு" என்றால் குருவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் அவள் பார்க்காதபோது எடுப்பதே அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

மதியம் கண்ணாடி மாளிகை வந்தது. சுவர் எல்லாம் நிலைக்கண்ணாடி. நடுநடுவே வெறும் கண்ணாடி. எது வழி, எது வழியில்லை என்று தெரியாமல் முட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் விளையாட்டு.

"எனக்குத் தலை சுத்தும்" என்றாள் மனைவி. "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் அலைக்குளத்துல கொஞ்ச நேரம் கெடக்கறேன்." தன் போனையும் பையையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்காரருக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. தடுமாறாமல் திரும்பித் திரும்பி நடந்தார். குருவி ஆச்சரியப்பட்டாள்.

"எப்படித் தெரியுது?"

ஒரு வருடத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"நேரா பாக்காத பாப்பா. தரையப் பாரு. கண்ணாடி நிக்கற எடத்துல தரையில ஒரு கோடு ஓடும். கோடு இல்லன்னா வழி. அப்புறம் உன் உயரத்துல பாரு. சின்னப் பசங்க கை வச்ச அழுக்கு இருக்கும். அழுக்கு இருந்தா கண்ணாடி."

சட்டென்று பிடித்துக்கொண்டாள். "இங்க கோடு. இங்க இல்ல. இந்தப் பக்கம் மாமா." குனிந்த தலை நிமிராமல் அவரை அவளே கூட்டிக்கொண்டு போனாள். பத்துக் குருவிகள் பத்துப் பக்கம் குனிந்து நடந்தன. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஒரு திருப்பத்தில் கண்ணாடியின் ஓரம் உடைந்திருந்தது. அதன் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். தொழில் புத்தி. குழந்தைகள் வரும் இடத்தில் இப்படியா விடுவார்கள் என்று நின்று, டேப்பை விலக்கி விரலால் தடவிப் பார்த்தார். விரல் கீறிக்கொண்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே திரும்பினால், எந்தக் கண்ணாடியிலும் குருவி இல்லை. விரலை வாயில் வைத்த ஆள்தான் பத்துப் பேராக நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா."

சொல்லிக்கொடுத்ததை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். கோடு இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து வெளியேயே போய்விட்டாள். அவருக்கு அது தோன்றவில்லை. உள்ளேதான் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மூலை மூலையாகத் தேடினார். கூப்பிட்ட சத்தத்தில் வேறொரு குழந்தை அழ ஆரம்பித்தது. கீறின விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து முன்பக்கம் முழுக்க ரத்தத் தீற்றலாயிற்று. பிறகு நினைவு வந்து திமிங்கலத்துக்கு ஓடினார். அங்கேயும் குருவி இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை பாதுகாப்பு அறையில் இருக்கிறது. குழந்தையின் அப்பா அல்லது அம்மா உடனே வரவும்.

உயிர் திரும்பி வந்தது. ஓடும்போதே அந்த அறிவிப்பு அவர் காதில் இன்னொரு தடவை ஓடியது. அப்பா உடனே வரவும். அந்தப் பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

*

பாதுகாப்பு அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். காக்கி உடை போட்ட ஓர் அம்மாள் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் மீசைக்காரர் ஒருவர், அவர்தான் மேலதிகாரி. திமிங்கலத்தின் பக்கத்தில் தனியாக நின்ற குழந்தை எவ்வளவு கூப்பிட்டும் நகரமாட்டேன் என்றதாம். தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காக்கி அம்மாளின் பார்வை முதலில் சட்டையில் இருந்த ரத்தத்தில் விழுந்தது. பிறகு தழும்பு தழும்பாக இருந்த இரண்டு கைகளிலும்.

"பாப்பா, இவரு உங்க அப்பாவா?"

குருவி நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகின பதிலைச் சொன்னாள்.

"அப்பா இல்ல."

செத்துப்போய்விட்டார் என்று அதற்கு அர்த்தம். அறையிலிருந்த மற்றவர்களுக்கு வேறு அர்த்தம். கண்ணாடிக்காரருக்கு இரண்டுமே கேட்டது.

"அப்ப இவரு யாரு?"

"மாமா."

"அம்மா கூடப் பொறந்தவரா?"

"இல்ல. அது பஸ் மாமா. அவரு வரல. இவரு கண்ணாடி மாமா."

காக்கி அம்மாள் மீசைக்காரரைப் பார்த்தாள். போன மாதம் இதே இடத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவனையும் அந்தக் குழந்தை மாமா என்றுதான் சொன்னது. வாசல்வரை போய்விட்டான். அன்றிலிருந்து இவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

"ஒக்காருங்க" என்றார் மீசைக்காரர். "நீங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"இவ அம்மாவோட வீட்டுக்காரன்."

"அப்ப அப்பா தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கொடுக்காததை அவள் எதிரிலேயே எடுத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

"ஆமா... அப்படியும் சொல்லலாம்" என்றார்.

அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. மீசைக்காரர் குரல் மாறியது. "கொழந்த போட்டோ ஏதாவது போன்ல இருக்கா?"

போனைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது. உடைந்த ஜன்னல்கள், அளவு எடுத்த கதவுகள், கடைகளின் முகப்புக் கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவே குருவி. பள்ளி வாசலில் தூரத்திலிருந்து குருவி, முதுகு காட்டி. வண்டியின் பின் இருக்கையில் தூங்கும் குருவி. மேசையில் குனிந்து கோடு போடும் குருவியின் உச்சந்தலை. ஒன்றில்கூட அவள் எடுக்கிறவரைப் பார்க்கவில்லை. ஒன்றில்கூட அவர் இல்லை.

மீசைக்காரர் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் தன் பக்கமே கவிழ்த்து வைத்தார்.

"அவ மூஞ்சியத் திருப்பிக்குவா சார். அதான் தெரியாம..."

"தெரியாம எடுத்தீங்க. தெரியுது."

அம்மாவின் எண்ணைக் குழந்தை மனப்பாடமாகச் சொன்னது. அது லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளுக்குத் தெரிந்த இன்னொரு எண் பஸ் மாமாவுடையது. மீசைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். கண்ணாடிக்காரர் மூச்சு விட்டார். மச்சான் எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

"சார், தீம் பார்க் செக்யூரிட்டியிலேருந்து பேசறோம். கண்ணாடி வேலை செய்யறவரு ஒருத்தரு உங்களுக்குச் சொந்தம்னு சொல்றாரு. உங்களுக்கு ஆளைத் தெரியுமா?"

போனில் பஸ்ஸின் உறுமல் கேட்டது. பதில் ஒரு நொடி தாமதித்ததிலேயே கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. மச்சான் சிரிப்பை அடக்குகிறார்.

"கண்ணாடி வேலையா? அப்படி யாரையும் தெரியாதுங்களே."

"மச்சான், வெளையாட்டு இல்ல..."

"ஓ, அந்தக் கொரலா? திருட்டு முழி முழிப்பான் பாருங்க, அவன் தானே? புள்ள புடிக்கிறவன் சார் அவன். நல்லா நாலு போடு போட்டு உள்ள வைங்க. சரி, டைம் ஆச்சு, வண்டிய எடுக்கணும்."

போன் அணைந்தது. மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். அதில் மட்டும் கண்டிப்பானவர்.

குருவி வாய் திறந்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைச் சிரிக்க வைக்கும் அதே வார்த்தைகள்தான். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

"அவரு எப்பவும் அப்படித்தான் பேசுவாரு. பாப்பா, நீ சொல்லும்மா" என்று கண்ணாடிக்காரர் எழுந்து அவள் பக்கம் கையை நீட்டினார். அதைச் செய்திருக்கக் கூடாது. வாசலில் நின்ற இருவர் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். இன்னொருவன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிச் சுவரோடு வைத்து அழுத்தினான். கன்னம் நசுங்கியது. கெட்டிக் கண்ணாடி, உடையாது என்று, சம்பந்தமே இல்லாமல், அவர் மனசுக்குள் ஒன்று சொல்லிற்று. வெளியே குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரோ போனைத் தூக்கினார்கள்.

"விடுங்க" என்று குருவி அலறினாள். "அப்பாவ விடுங்க. அது எங்க அப்பா. அப்பா."

கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது. காக்கி அம்மாளின் பிடியில் திமிறிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகக் காத்திருந்த சொல் அவர் காதில் விழுந்தது; ஒன்றல்ல, மூன்று தடவை.

காக்கி அம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "பயத்துல சொல்லுது சார். மொதல்ல இல்லன்னுச்சு, இப்ப ஆமாங்குது. மிரட்டி வச்சிருக்கான்."

"போலீசுக்குச் சொல்லிரு" என்றார் மீசைக்காரர்.

*

போலீஸ் வருவதற்குள் மனைவி வந்துவிட்டாள். லாக்கரைத் திறந்து, தவறிப்போன அழைப்புகளைப் பார்த்து, ஈரத் துணியோடு ஓடி வந்தாள். காலையில் எடுத்த போட்டோக்களைக் காட்டினாள். தொப்பலாக நனைந்த மூன்று பேர், நடுவில் குழந்தை. மீசைக்காரர் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"எங்க நெலமையும் யோசிச்சுப் பாருங்க" என்றார்.

"நீங்க செஞ்சது சரி சார்" என்றார் கண்ணாடிக்காரர். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. வேறொருவன் இப்படி வந்து உட்கார்ந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். கையைத்தான் தூக்க முடியவில்லை.

காக்கி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தடவைக்கென்று மூன்று இலவசச் சீட்டுகள் கொடுத்தார்கள். குடும்பத்தோடு வாருங்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது.

கண்ணாடி ஏற்றும் சட்டங்கள் வைத்த அவருடைய வேனில்தான் வந்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குருவி பின் இருக்கையில் ஏறினதும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பாதி வழியில் பஸ் மாமா கூப்பிட்டார். "என்ன மாப்ள, வெளிய விட்டாங்களா?" என்ற சிரிப்புக் குரல் கேட்டது. மனைவி என்ன நடந்தது என்று இரண்டே வரியில் சொன்னாள். "நான்... அவரு தான் யாரையோ விட்டு வெளையாடறாருன்னு..." என்று பஸ் மாமா இழுத்தார். அவளே வைத்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, குழந்தை தூங்கிவிட்டது என்று நினைத்து, மனைவி தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்கள அப்பான்னு கூப்பிட்டாளாமே."

"யாரு சொன்னா?"

"அந்தக் காக்கிச் சட்டை அம்மா. மூணு தடவ கூப்பிட்டாளாம்."

அவர் கியரை மாற்றினார். தோள் சுரீர் என்றது. பெரிய விஷயமாக்க வேண்டாம், குழந்தைக்குப் பாரமாக வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாயில் வந்தது அந்த அறையில் கேட்ட வார்த்தை.

"பயத்துல சொன்னது அது."

சொல்லிவிட்டு முன்னால் தொங்கின கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் இரண்டு கண்கள் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வருடத்தில் முதல் தடவையாகக் குருவி அவரை நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வீடு வரும்வரை தேடினார்.

வாசலில் வண்டி நின்றது. பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அவர் இறங்கி அந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள், உள்ளே குருவி எழுந்து உட்கார்ந்து அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"அம்மா, கதவத் தொறக்கச் சொல்லு" என்றாள். "அவருகிட்ட."